புற்றுநோய்க்கு எதிரான புதிய பல்லின வளையச் சேர்மம்: தாளில் வரைவதிலிருந்து செல் தட்டு வரை

எம்.எஸ்சி., எம்.ஃபார்ம். திட்டப்பணிக்கு வருபவர்கள் முதலில் கேட்பது, "எந்த வளையத்தை எடுக்கலாம்?" என்பதைத்தான். (பல்லின வளையம் என்றால், கார்பனோடு நைட்ரஜன் போன்ற வேறு அணுவும் சேர்ந்த வளையம்.) அதற்கு முன்பே பதில் தேடி வைக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாம் செய்த சேர்மம் புற்றுச் செல்லைக் கொன்றால், நாம் நினைத்த காரணத்தால்தான் கொன்றது என்று எப்படிக் காட்டப்போகிறோம்? கழுவாமல் விட்ட அனிலின் (வினைக்கு எடுக்கும் மூலப்பொருள்), அளவுக்கு மிஞ்சிய டி.எம்.எஸ்.ஓ. கரைப்பான், கரையாமல் ஊசி ஊசியாகப் படிந்த தூள், ஓரக் குழியில் வற்றிப்போன ஊடகம் என எதுவும் செல்லைக் கொல்லும். எல்லாமே கருவியில் அழகான எண்ணாகத்தான் வந்து நிற்கும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தப் பொய்க் காரணங்களில் ஒன்றைக் கழிப்பதற்காக வைத்தது.

எடுத்துக்காட்டுக்கு 4-அனிலினோகுயினசோலின் குடும்பத்தை எடுத்திருக்கிறோம். மூன்றே படிகளில் செய்துவிடலாம். ஒப்பிடுவதற்கு எர்லோடினிப் போன்ற உண்மையான மருந்துகள் இருக்கின்றன. ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி எனக் கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்றும் வெயிலும் தண்ணீரும் வேலையை எங்கே கெடுக்கும் என்பதையும் அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

வளையம் ஏன்?

புற்றுநோய் மருந்துகளில் பல்லின வளையம் இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1957-இல் வந்த 5-ஃப்ளூரோயுராசில் ஒரு பிரிமிடின். மெத்தோட்ரெக்சேட் ஒரு டெரிடின். அந்த வகை மருந்துகளுக்கு வழி திறந்தவர்களில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். 2001-இல் அனுமதி பெற்ற இமாடினிபில் பிரிமிடினும், 2003-இன் ஜெஃபிடினிப், 2004-இன் எர்லோடினிப் இரண்டிலும் குயினசோலினும் இருக்கின்றன. புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸ் நொதிகள், அந்தப் பாஸ்பேட்டைத் தரும் ஏ.டி.பி.யைப் பிடித்துக்கொள்ளும் குழி தட்டையானது. ஏ.டி.பி.யின் அடினின் வளையம் அங்கே நைட்ரஜன்களால் ஹைட்ரஜன் பிணைப்பு போட்டு உட்காரும். அதே இடத்தில் அதே மாதிரி உட்காரத் தோதான தட்டை வளையத்தைத்தான் நாம் தேடுகிறோம்.

மன்னார் வளைகுடா வாசலில் இருக்கும்போது கடலிலிருந்தே எடுக்கலாமே என்று தோன்றும். சைட்டாரபின் அப்படி வந்ததுதான். கரீபியக் கடற்பஞ்சு ஒன்றில் 1950களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன் கண்ட, அராபினோஸ் சர்க்கரை கொண்ட நியூக்ளியோசைடுகள் அதற்கு வித்திட்டன. 1969-இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. ஆனால் மருத்துவமனைக்குப் போவது ஆய்வகத்தில் செய்த மூலக்கூறு. கடல் அங்கே எலும்புக்கூட்டை மட்டும்தான் கொடுத்தது. பவளம், கடல் அட்டை போன்றவை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. 21 தீவுகளும் தேசியப் பூங்கா. கரையில் ஒதுங்கியதாகவே இருந்தாலும் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். வெளியான கட்டமைப்புகளைப் படித்து, வளையத்தைக் கையால் செய்வதே நேர்வழி.

வடிவமைப்பு

இலக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். கைனேஸ்; செல்லை வளரச் சொல்லும் ஏற்பி அது. குயினசோலினின் முதல் நைட்ரஜன், நொதியின் 793-ஆவது மெத்தியோனினின் முதுகெலும்பு என்.எச்.சுடன் ஹைட்ரஜன் பிணைப்பு போடுகிறது. 4-ஆம் இடத்து அனிலின், 790-ஆவது த்ரியோனினைத் தாண்டி உள்ளே இருக்கும் எண்ணெய்ப்பசைக் குழிக்குள் போகிறது. 6, 7-ஆம் இடங்கள் வெளியே தண்ணீரைப் பார்த்து நிற்கின்றன. இந்த மூன்று வரியும் தெரிந்தாலே என்ன மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பது பாதி முடிவாகிவிடும். உள்குழியில் இடம் குறுகல். அங்கே புரோமின், குளோரின், எத்தினைல் அளவுக்குத்தான் வைக்கலாம். டிரையசோல், மார்ஃபோலின் போன்ற பெரிய வளையத்தை ஒட்ட வேண்டுமானால் 6 அல்லது 7-ஆம் இடம்தான் சரி. ஜெஃபிடினிபின் மார்ஃபோலின் வால் 6-ஆம் இடத்தில் தொங்குவது இதனால்தான்.

சிறிய மாற்றம் எவ்வளவு பெரிய வித்தியாசம் தரும் என்பதற்கு ஒரு கணக்கு. 4-(3-புரோமோஅனிலினோ)குயினசோலின் இந்த நொதியை 27 நானோமோலாரில் பாதியாக அடக்குகிறது. அதிலேயே 6, 7-ஆம் இடங்களில் இரண்டு மெத்தாக்சி சேர்த்தால் 0.025 நானோமோலார் போதும். ஆயிரம் மடங்குக்கு மேல்! பி.டி.153035 என்று பெயர் பெற்ற இந்தச் சேர்மத்தைத்தான் முதலில் செய்யச் சொல்கிறோம். இது புதிதல்ல என்பது தெரிந்ததே. பதில் தெரிந்த சேர்மத்தில் சரியான எண் வந்த பிறகுதான், பதில் தெரியாத சேர்மத்தில் வரும் எண்ணை நம்பலாம்.

டாக்கிங்குக்கு (சேர்மம் குழியில் எப்படி உட்காரும் என்று கணினியில் பார்ப்பது) அதிக நேரம் கொடுக்க வேண்டாம். புரத வங்கியின் 1எம்17 கோப்பை எடுங்கள். எர்லோடினிபுடன் சேர்ந்த ஈ.ஜி.எஃப்.ஆர். அது. அந்தக் கோப்பில் மெத்தியோனின் 793 என்று தேடினால் கிடைக்காது. 769 என்று இருக்கும். முன்னொட்டின் 24 அமினோ அமிலங்களைக் கழித்து எண்ணிய பழைய முறை அது, இரண்டும் ஒரே இடம்தான். முதலில் எர்லோடினிபை வெளியே எடுத்து அதே குழியில் திரும்ப டாக் செய்யுங்கள். படிகத்தில் இருந்த நிலைக்கும் நிரல் தந்த நிலைக்கும் உள்ள விலகல் 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வராவிட்டால் பெட்டியின் இடமோ புரோட்டான் நிலையோ தவறு. சரியாக வந்த பின்பும், ஆட்டோடாக் வைனா தரும் மதிப்பில் ஒரு கிலோகலோரிக்குள் இருக்கும் வித்தியாசத்தை வைத்துச் சேர்மங்களை வரிசைப்படுத்தாதீர்கள். அந்தத் துல்லியம் அதற்குக் கிடையாது. மெத்தியோனின் பிணைப்பு இருக்கிறதா, வால் வெளியே பார்க்கிறதா என்று கண்ணால் பார்ப்பதே அதன் உண்மையான பயன்.

லிப்பின்ஸ்கியின் ஐந்து விதியை (மூலக்கூறு எடை 500, எண்ணெய் நாட்டத்தைக் காட்டும் லாக் பி 5, ஹைட்ரஜன் தருபவை 5, ஏற்பவை 10; எதுவும் இதைத் தாண்டக்கூடாது) மேலோட்டமாகப் பார்த்தால் போதும். அதைவிட முக்கியம், எங்கும் 'வேலை செய்வதாக' நடிக்கும் அமைப்புகளை விலக்குவது. ரோடனின், கேட்டகால், குயினோன் எல்லாம் அந்த ரகம். நம் பக்கக் கல்லூரிகளில் சால்கோன் செய்து, அதை ஹைட்ரசினால் மூடிப் பைரசோலின் ஆக்குவது மிகவும் பழக்கமான திட்டம். சால்கோனின் இரட்டைப் பிணைப்பு கண்ட தயோலை (சல்பர்–ஹைட்ரஜன் தொகுதி) எல்லாம் பிடித்துக்கொள்ளும். பைரசோலினில் இரண்டு சதவீதம் சால்கோன் மிச்சமிருந்தாலே, கொன்றது எது என்று சொல்ல முடியாது.

முதல் படி: குயினசோலினோன்

2-அமினோ-4,5-டைமெத்தாக்சிபென்சாயிக் அமிலம் 3.94 கிராம் (20 மில்லிமோல்), ஃபார்மமிடின் அசிடேட் 4.16 கிராம் (40 மில்லிமோல்), 2-மெத்தாக்சிஎத்தனால் 40 மி.லி. இவற்றை உருண்டைக் குடுவையில் எடுத்து ரிஃப்ளக்ஸ் செய்யுங்கள் (ஆவி குளிர்ந்து திரும்ப விழும்படி கொதிக்கவிடுங்கள்). பொருள் தானாகவே வெளியே விழத் தொடங்கும். டி.எல்.சி.யில் (மெல்லிய தட்டில் சேர்மங்களைப் பிரித்துப் பார்ப்பது) அமிலம் மறைந்ததும் ஆறவிட்டு வடிகட்டி, குளிர்ந்த எத்தனாலால் கழுவி, வெற்றிட அடுப்பில் நன்றாகக் காயவையுங்கள். முழு விளைச்சல் என்றால் 4.12 கிராம். மெத்தாக்சிஎத்தனால் இனப்பெருக்க உறுப்புகளுக்குக் கேடு. ஹூட்டுக்கு வெளியே மூடியைத் திறக்கக்கூடாது.

விலை மலிவான ஆந்த்ரானிலிக் அமிலத்திலிருந்து மெத்தாக்சி இல்லாத வளையத்தைச் செய்யலாம். ஆனால் அது இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். கல்லூரி வழியாக, முறையான படிவமும் பதிவேடும் வைத்துத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாம் படி: குளோரின் ஏற்றுவது

கடற்கரை ஆய்வகங்களில் பலர் சறுக்குவது இங்கேதான்.

காய்ந்த குயினசோலினோன் 4.12 கிராம், தயோனைல் குளோரைடு 20 மி.லி., வினையைத் தூண்ட டி.எம்.எஃப். நான்கு சொட்டு. கண்டென்சருக்கு மேல் கால்சியம் குளோரைடு குழாய். அங்கிருந்து காலி பாட்டில் ஒன்று, அதற்கடுத்து சோடியம் ஹைட்ராக்சைடு பாட்டில். ஹைட்ரஜன் குளோரைடும் சல்பர் டையாக்சைடும் வெளிவரும். காலி பாட்டில் நடுவில் இல்லாவிட்டால், சூடு குறையும்போது காரக் கரைசல் குடுவைக்குள் உறிஞ்சப்பட்டு வெடித்துச் சிதறும். ஆயில் பாத்தில் 80 டிகிரி செல்சியஸ் வைத்து, கலங்கல் தெளியும் வரை விடுங்கள். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து மணி நேரம். டி.எம்.எஃப். மறந்தால் நாள் முழுக்க வைத்தாலும் தெளியாது.

தெளிந்தபின் தயோனைல் குளோரைடை வெற்றிடத்தில் ஓட்டி எடுத்து, உலர்ந்த டொலுவீன் 10 மி.லி. இருமுறை சேர்த்து ஓட்டுங்கள். இப்போது குடுவையில் இருப்பது 4-குளோரோ-6,7-டைமெத்தாக்சிகுயினசோலினின் ஹைட்ரோகுளோரைடு. இதை இப்படியே ஓர் இரவு வைக்கக்கூடாது. காற்றில் இருக்கும் ஈரம் குளோரினைப் பிடுங்கிவிட்டுப் பழைய குயினசோலினோனையே திரும்பத் தரும். அப்போது வெளிவரும் அமிலமே அந்த வினையை மேலும் தூண்டும். வாடைக்காற்று மாதங்களில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழையும் ஈரமும் சேர்ந்திருக்கும்போது இதன் வேகம் உங்களுக்கே தெரியும். காலையில் எத்தில் அசிடேட்–ஹெக்சேன் சமபங்கில் ஓட்டிய டி.எல்.சி.யில் மேலே ஒரே புள்ளி. மாலையில் அதே மாதிரியை ஓட்டினால், தொடங்கிய கோட்டுக்குச் சற்று மேலே யூ.வி. விளக்கில் இன்னொரு புள்ளி கருத்து நிற்கும். வெள்ளைத் தூள் விளிம்பில் பிசுபிசுத்து மஞ்சளாகத் தொடங்கியிருக்கும்.

ஆகவே உடனே டைகுளோரோமீத்தேன் 60 மி.லி.யில் கரைத்து, ஐஸில் குளிர்ந்த சோடியம் பைகார்பனேட் கரைசலால் இருமுறை வேகமாகக் கழுவி, நீரற்ற சோடியம் சல்ஃபேட்டில் உலர்த்தி, ஓட்டி எடுங்கள். அமிலம் போய்விட்ட தூள் பல மடங்கு நிலையாக இருக்கும். முழு விளைச்சல் 4.49 கிராம். அகச்சிவப்பு நிரலில் 1700-க்கு அருகிலிருந்த கார்பனைல் கோடு மறைந்திருக்க வேண்டும். கோடு பாதி மிச்சமிருந்தால் வினை முடியவில்லை, அல்லது ஈரம் பிடித்துவிட்டது. எது என்று அறிய, கழுவுவதற்கு முன் எடுத்துவைத்த ஒரு சொட்டையும் டி.எல்.சி.யில் பக்கத்தில் வையுங்கள். அன்றைக்கே அடுத்த படிக்குப் போய்விடுவது உத்தமம்.

ஈரத்தைப் பற்றிச் சில நடைமுறைகள். கண்ணாடிச் சாமான்களை 120 டிகிரியில் இரவு முழுக்க வைத்து, சூடாகவே பொருத்துங்கள். டொலுவீனை 3 ஆங்ஸ்ட்ராம் மாலிகுலர் சீவில் இரண்டு நாள் ஊறவையுங்கள். சீவை மஃபிள் ஃபர்னஸில் 300 டிகிரியில் இரவு முழுக்க வைத்து உயிர்ப்பித்திருக்க வேண்டும். டப்பாவிலிருந்து அப்படியே கொட்டினால், அது ஏற்கெனவே குடித்த நம் ஊர் ஈரத்தைத்தான் கரைப்பானுக்குக் கொடுக்கும். தராசின் உள்ளே சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள். தராசுத் தட்டின் அடியில் உப்புப் பூத்து எடை ஓடிக்கொண்டே இருப்பது இங்கே சாதாரணம். வாரம் ஒருமுறை நிறை வில்லை வைத்துச் சரிபார்த்துக் குறித்துவையுங்கள்.

வெயில் காலத்தில் வேறு பிரச்சினை. டைஎத்தில் ஈதர் கொதிப்பது 34.6 டிகிரியில். சித்திரை வெயிலில் அறையே அந்தச் சூட்டில் இருக்கும், பிரிபுனலில் குலுக்கினால் மூடியைத் தள்ளிக்கொண்டு வரும். பிரித்தெடுப்பதற்கு எத்தில் அசிடேட் போதும். மேல்தொட்டித் தண்ணீர் கண்டென்சரைக் குளிர்விக்காது. டைகுளோரோமீத்தேன் பாதிக்குமேல் பம்புக்குள் போய்விடும். பெரிய பக்கெட்டில் ஐஸும் தண்ணீரும் போட்டு, ஒரு சின்ன மூழ்கு பம்பால் சுழற்றுங்கள். மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் போடும் ஊர்களில் ஐஸ் பாருக்குப் பஞ்சமில்லை. அந்தப் பக்கெட்டுக்குப் போர் தண்ணீரை ஊற்றினால், உப்பு படிந்து கண்டென்சர் ஒரே பருவத்தில் அடைத்துக்கொள்ளும்.

மிச்சத் தயோனைல் குளோரைடை அழிக்க, அதைச் சொட்டுச் சொட்டாகக் கலக்கிக்கொண்டிருக்கும் ஐஸ்–சோடியம் கார்பனேட் கரைசலில் விடுங்கள். மாற்றிச் செய்யக்கூடாது. ஹாலஜன் கரைப்பான் கழிவுக்குத் தனிக் கேன் வையுங்கள். மணல் மண், கொஞ்ச ஆழத்திலேயே ஊற்று. சிங்க்கில் ஊற்றிய டைகுளோரோமீத்தேன் யாரோ ஒருவர் வீட்டுக் குடத்துக்குத்தான் போகும்.

மூன்றாம் படியும் அதன் பிறகும்

குளோரோகுயினசோலின் 2.25 கிராம் (10 மில்லிமோல்), 3-புரோமோஅனிலின் 1.81 கிராம், ஐசோபுரோப்பனால் 40 மி.லி.; இரண்டு, மூன்று மணி நேரம் ரிஃப்ளக்ஸ். ஹைட்ரோகுளோரைடு உப்பு கெட்டியாக விழும். சூடு ஆறியதும் வடிகட்டி, ஐசோபுரோப்பனாலால் மூன்று முறை கழுவுங்கள். அனிலின் தண்ணீரை முந்திக்கொள்வதால் இந்தப் படியில் சிறிது ஈரம் பொறுக்கும். உப்பாகவே வைத்தால் முழு விளைச்சல் 3.97 கிராம்.

நிறைநிரலில் 360, 362 என இரண்டு கோடுகள் ஏறத்தாழ ஒரே உயரத்தில் வர வேண்டும். புரோமினின் இரு ஐசோடோப்புகளின் கையெழுத்து அது. புரோட்டான் என்.எம்.ஆரில் மெத்தாக்சி ஒற்றைக்கோடுகள் இரண்டு 4 பி.பி.எம். அருகில் இருக்கும். 2.73, 2.89, 7.95-இல் கோடு தெரிந்தால் டி.எம்.எஃப். மிச்சமிருக்கிறது. ஹெச்.பி.எல்.சி. தூய்மை 95 சதவீதத்துக்குக் குறைந்த எதையும் செல்லின் மேல் போடாதீர்கள். என்.எம்.ஆருக்கு மதுரை, காரைக்குடி, சென்னை என்று எங்கே அனுப்பினாலும், மாதிரி இங்கேயே நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். டி.எம்.எஸ்.ஓ.-டி6-இல் 3.3 அருகே மலைபோல நிற்கும் நீர்க்கோடு பாதித் தகவலை மறைத்துவிடும்.

புதுச் சேர்மத்துக்கு இப்போது வரலாம். 7-ஆம் இடத்தில் ஹைட்ராக்சில் உள்ள குயினசோலினில் புரோப்பார்கில் புரோமைடால் ஆல்கைன் ஏற்றி, ஓர் ஆர்கானிக் அசைடுடன் 1,2,3-டிரையசோல் மூடலாம். ஆல்கைன் 1 மில்லிமோல், அசைடு 1.1 மில்லிமோல், காப்பர் சல்ஃபேட் பென்டாஹைட்ரேட் 12.5 மி.கி., சோடியம் அஸ்கார்பேட் 40 மி.கி., டெர்ட்-பியூட்டனாலும் தண்ணீரும் சமபங்கில் 10 மி.லி.; அறைச் சூட்டில் இரவு முழுக்கக் கலக்குங்கள். கார்பன், ஆக்சிஜன் அணுக்களின் கூட்டுத்தொகை நைட்ரஜன்களைப் போல மூன்று மடங்காவது இல்லாத அசைடைத் தனியாகப் பிரித்தெடுக்காதீர்கள், வெடிக்கும். சோடியம் அசைடு இருக்கும் இடத்தில் டைகுளோரோமீத்தேனையும் கொண்டுவரக்கூடாது. வினை முடிந்ததும் கரிமப் பகுதியை இ.டி.டி.ஏ. கரைசலால் நீலம் வராமல் போகும் வரை கழுவுங்கள். மிச்சத் தாமிரம் செல்லைக் கொன்றுவிட்டு, பெயரை உங்கள் டிரையசோலுக்குக் கொடுத்துவிடும்.

கரைசல்

பி.டி.153035-இன் தனிக் காரம் 360.21, அதன் ஹைட்ரோகுளோரைடு 396.67. 10 மில்லிமோலார் கரைசலுக்கு ஒரு மி.லி. டி.எம்.எஸ்.ஓ.வில் காரம் 3.60 மி.கி., உப்பானால் 3.97 மி.கி. உப்பைக் காரம் என்று நினைத்து நிறுத்தால் எல்லா எண்ணும் பத்து சதவீதம் தவறும்.

டி.எம்.எஸ்.ஓ. 18.5 டிகிரியில் உறையும். ஃபிரிட்ஜில் வைத்த பாட்டில் கட்டியாகாமல் நீராகவே நின்றால், அது காற்றிலிருந்து நிறைய ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். அதில் செய்த கரைசலிலிருந்து சேர்மம் மெல்ல வெளியே விழும், செறிவு உங்களுக்குத் தெரியாமலே குறையும். சிறு பாட்டில்களாக வாங்குங்கள். கரைசலை 50 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20-இல் வைத்து, ஒரு பங்கை ஒரு முறை மட்டும் உருக்குங்கள். குழாய் அறைச் சூட்டுக்கு வந்தபின்தான் மூடியைத் திறக்க வேண்டும். வெளியில் வியர்த்திருக்கும்போது திறந்தால் ஈரம் உள்ளே போகும்.

செல்லுக்குப் போகும் முன் ஒரு கரைதல் சோதனை. சீரம் சேர்ந்த ஊடகத்தில் 50 மைக்ரோமோலார் வைத்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் கழித்தும் மறுநாளும் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஊசிகள் தெரிந்தால் அதற்கு மேலான செறிவுகளின் எண் எதுவும் செல்லாது. தட்டையான வளையங்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

செல்லைத் தேர்ந்தெடுப்பது

ஈ.ஜி.எஃப்.ஆர். தடுப்பானை ஏ549 நுரையீரல் செல்லில் சோதித்து '5 மைக்ரோமோலாரில் கொன்றது' என்று எழுதிய கட்டுரைகள் ஏராளம். ஏ549-இல் கே.ராஸ் மரபணு மாறியிருக்கிறது. ஈ.ஜி.எஃப்.ஆரை அடைத்தாலும் கீழே சிக்னல் ஓடிக்கொண்டேதான் இருக்கும். எர்லோடினிபே அங்கே பெரிதாக எதுவும் செய்யாது. அந்தச் செல்லை உங்கள் சேர்மம் நன்றாகக் கொன்றால், வேறு வழியில் கொல்கிறது என்றே பொருள். சரியான தேர்வு: ஈ.ஜி.எஃப்.ஆர். மிகுந்த ஏ431, அல்லது ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவின் எக்சான் 19-இல் ஒரு சிறு பகுதி நீங்கிய பி.சி.9. பின்னது எர்லோடினிபுக்கு நானோமோலார் அளவிலேயே பணியும். ஏ549-ஐ பதில் சொல்லக்கூடாத செல்லாகப் பக்கத்தில் வையுங்கள். அதோடு இயல்பான செல்லுக்கு ஒரு மனித ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுச் செல்). குரங்குச் சிறுநீரக வீரோ செல்லை 'இயல்பான செல்' என்று காட்டுவதால் ஒன்றும் தெரியாது.

புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து செல் வரவழைக்கலாம். குடுவையில் ஊடகம் கழுத்து வரை நிரம்பியிருக்க வேண்டும். மே மாதத்தில் மதுரையிலிருந்து வரும் காரின் டிக்கியில் வைத்தால் வழியிலேயே வெந்துவிடும். இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவாருங்கள். வந்ததும் மைக்கோபிளாஸ்மா பி.சி.ஆர். பாருங்கள், இந்தக் கிருமி ஊடகத்தைக் கலங்கடிக்காது, எண்ணை மட்டும் கெடுக்கும். இன்குபேட்டருக்கு இன்வெர்ட்டர் கட்டாயம். கார்பன் டையாக்சைடு தீர்ந்தால் பைகார்பனேட் ஊடகத்தின் பி.எச். ஏறி, அதிலுள்ள ஃபீனால் சிவப்பு நிறங்காட்டி ஊதா கலந்த இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறத்தைப் பார்த்துவிட்டால் அன்றைய தட்டை எறிந்துவிடுங்கள். ஊடகத்துக்கும் பி.பி.எஸ். உப்புக் கரைசலுக்கும் செல் வளர்ப்புத் தரத் தண்ணீரை வாங்கிக்கொள்ளுங்கள்.

எம்.டி.டி. தட்டு

எம்.டி.டி. என்பது உயிருள்ள செல் ஊதாவாக மாற்றும் மஞ்சள் சாயம்; அந்த நிறத்தை அளந்து செல்லைக் கணக்கிடுகிறோம். 96 குழித் தட்டில் சுற்றியுள்ள 36 குழிகளில் பி.பி.எஸ். மட்டும். ஓரக் குழி வற்றும். வற்றினால் உப்புச் செறிவு கூடிச் செல் சாகும். உள்ளே 60 குழி: பத்து நெடுவரிசை, ஆறு கிடைவரிசை. எட்டு நெடுவரிசை செறிவுகளுக்கு, ஒன்று டி.எம்.எஸ்.ஓ. மட்டும், ஒன்று செல் இல்லாமல். மேல் மூன்று வரிசை உங்கள் சேர்மம், கீழ் மூன்று எர்லோடினிப். சிஸ்பிளாட்டினை ஒப்பீட்டுக்கு வைப்பவர்கள் அதை டி.எம்.எஸ்.ஓ.வில் கரைக்கக்கூடாது, டி.எம்.எஸ்.ஓ. பிளாட்டினத்தைப் பிடித்து மருந்தைச் செயலிழக்கச் செய்யும்.

குழிக்கு 3,000 முதல் 5,000 செல், 100 மைக்ரோலிட்டரில். ஓர் இரவு ஒட்டவிடுங்கள். நீர்த்தலை ஊடகத்தில் செய்யாமல் டி.எம்.எஸ்.ஓ.விலேயே செய்யுங்கள்: 10, 3.16, 1, 0.316 மில்லிமோலார் என்று எட்டுப் படி. ஒவ்வொன்றிலும் 2 மைக்ரோலிட்டரை 198 மைக்ரோலிட்டர் ஊடகத்தில் கலந்து, அதில் 100-ஐ குழிக்குள் விடுங்கள். உச்சச் செறிவு 50 மைக்ரோமோலார். எல்லாக் குழியிலும் டி.எம்.எஸ்.ஓ. சரியாக 0.5 சதவீதம். ஊடகத்தில் நீர்த்தால் குழிக்குக் குழி டி.எம்.எஸ்.ஓ. மாறும், நீங்கள் அளப்பது அதைத்தான்.

மருந்து விடும் அதே நேரத்தில் இன்னொரு தட்டை அளந்து 'பூஜ்ய நேர' மதிப்பை எடுத்துவையுங்கள். 72 மணி நேரம் கழித்து அந்த மதிப்புக்குக் கீழே போனால்தான் செல் செத்தது. மேலே இருந்தால் வளர்ச்சி நின்றது மட்டும். ஈ.ஜி.எஃப்.ஆர். தடுப்பான் பல செல்களில் வளர்ச்சியைத்தான் நிறுத்தும். இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதிய 'கொல்லும் திறன்' பாதிப் பொய்.

72 மணி நேரத்துக்குப் பின் 5 மி.கி./மி.லி. எம்.டி.டி. 20 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் மூன்று மணி நேரம். மைக்ரோஸ்கோப்பில் செல்களுக்குள் ஊதா ஊசிகள் முளைத்திருப்பதைப் பார்த்தபின், ஊடகத்தை மெதுவாக எடுத்துவிட்டு 100 மைக்ரோலிட்டர் டி.எம்.எஸ்.ஓ. விட்டுப் பத்து நிமிடம் ஆட்டி, 570 நானோமீட்டரில் படியுங்கள், 630-ஐக் கழியுங்கள். எம்.டி.டி. மரபணுவைத் தாக்கக்கூடியது, கையுறை அவசியம். உங்கள் சேர்மத்தைச் செல் இல்லாத குழியிலும் எம்.டி.டி.யுடன் ஒருமுறை வைத்துப் பாருங்கள். தயோல், கேட்டகால் இருக்கும் சேர்மங்கள் தாமே எம்.டி.டி.யை ஊதாவாக்கி, செத்த செல்லை உயிரோடு காட்டும்.

மூன்று வெவ்வேறு நாளில், வெவ்வேறு முறை வளர்த்த செல்லில் செய்தால்தான் மூன்று சோதனை. ஒரே தட்டின் மூன்று குழி ஒரு சோதனைதான். வளைவை நான்கு அளபுரு முறையில் பொருத்துங்கள். செங்குத்தாக ஒரே செறிவில் விழும் வளைவு, அதாவது சரிவைக் காட்டும் ஹில் எண் 3-க்கு மேல் போனால், பெரும்பாலும் வீழ்படிவு அல்லது திரள். உச்சச் செறிவிலும் பாதிக்குக் கீழே வராவிட்டால் ஐ.சி.50 (பாதியாக அடக்கும் செறிவு) '50-க்கு மேல்' என்றே எழுதுங்கள். நிரல் நீட்டித்துத் தரும் 83.27 எந்தக் குழியிலும் அளக்கப்படவில்லை.

காரணத்தைக் காட்டுவது

தனி நொதியில் சோதிக்கும்போது ஏ.டி.பி. செறிவை அதன் கே.எம். மதிப்புக்கு (நொதி பாதி வேகத்தில் ஓடும் செறிவு) அருகில் வையுங்கள், ஏ.டி.பி. கூடினால் போட்டித் தடுப்பானின் ஐ.சி.50 ஏறும். அதே சோதனையை 0.01 சதவீத டிரைட்டான் எக்ஸ்-100 சேர்த்தும் செய்யுங்கள். தடுப்பு மறைந்தால், உங்கள் சேர்மம் திரண்டு நொதியைச் சுருட்டிக்கொண்டிருந்தது அவ்வளவுதான். பிறகு ஏ431-ஐ ஓர் இரவு சீரம் இல்லாமல் வைத்து, சேர்மம் கொடுத்து, ஈ.ஜி.எஃப். 100 நானோகிராம்/மி.லி. பத்து நிமிடம் தூண்டி, புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில், பழைய எண்ணிக்கைப்படி 1068-ஆவது டைரோசினின் பாஸ்பேட் குறைகிறதா என்று பாருங்கள். மொத்த ஈ.ஜி.எஃப்.ஆர். பட்டை அப்படியே இருக்க வேண்டும். அதுவும் சேர்ந்து மங்கினால் செல் ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கிறது.

பாஸ்பேட் மறையும் செறிவும் வளர்ச்சி நிற்கும் செறிவும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்து, ஏ549-உம் ஃபைப்ரோபிளாஸ்டும் அந்த இடத்தில் நிம்மதியாக இருந்தால், அடுத்த சேர்மத்தை வரையலாம். ஒரு நேரத்தில் ஓர் இடத்தை மட்டும் மாற்றுங்கள். செயலற்ற ஒன்றையும் சேர்த்தே செய்யுங்கள்: 4-ஆம் இடத்து நைட்ரஜனில் மெத்தில் ஏற்றினால் மூலக்கூறு முறுக்கிக்கொண்டு குழியில் உட்காராது. அதுவும் அதே அளவு கொன்றால், இலக்கு வேறு. பாஸ்பேட் 20 மைக்ரோமோலாரில் மறைந்து, வளர்ச்சி 2-இலேயே நின்றால் அதுவும் வேறு இலக்குதான். அப்போது ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று செல் சுழற்சியிலிருந்து தேடத் தொடங்குங்கள். கல்லீரல் மைக்ரோசோமில் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதை விலங்குச் சோதனைக்கு முன்பே பார்க்க வேண்டும். எலிக்குப் போவதானால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி கைக்கு வந்த பிறகுதான் முதல் மில்லிகிராமை அதற்காக நிறுக்க வேண்டும்.